ஒளியை வாய்க்காலில் செலுத்துதல்: பிளாசுமான் அலைவழி ஒத்ததிர்வியும் தமிழ்ச் சொல்லாக்கமும்

இவ்வுரைக்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள் ஒரு நீண்ட கலைச்சொற்றொடர். 'நானோ அளவிலான ஒளியியல் உணர்தலுக்குரிய பிளாசுமான் அலைவழி ஒத்ததிர்வி' என்பது அத்தொடர். இதனை முதன்முறை கேட்பவர் இரண்டு முடிவுகளுள் ஒன்றுக்கு வருவர். 'இது இயற்பியலாருக்கு உரியது, நமக்கு வேண்டா' என்பது ஒன்று. 'இத்தகைய பொருளைத் தமிழில் சொல்ல இயலாது' என்பது மற்றொன்று. இரண்டும் ஆராயாமல் எழுந்த முடிவுகள் என்பதைக் காட்டுவதே இவ்வுரையின் நோக்கம்.

மொழியியலைத் தொழிலாகக் கொண்டவருக்கு இப்பொருளில் என்ன வேலை என்று வினவலாம். ஒரு மொழி வாழ்வதும் தேய்வதும் அது வழங்கும் துறைகளைப் பொறுத்தது. வீட்டிலும் கோயிலிலும் கவியரங்கிலும் மட்டும் வழங்கும் மொழி, பேசுவோர் குறையாவிட்டாலும் பணிகளை இழந்துகொண்டே வரும். சிங்கப்பூரில் நம் பிள்ளைகள் தமிழைத் தாய்மொழிப் பாடமாகக் கற்கின்றனர். அறிவியலை ஆங்கிலத்தில் கற்கின்றனர். மலேசியாவில் தமிழ்ப்பள்ளியின் தொடக்கநிலை வரை அறிவியல் தமிழில் உண்டு. அங்கும் 2003ஆம் ஆண்டு கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்கு மாற்றப்பட்டன. பின்னர் அக்கொள்கை கைவிடப்பட்டது. இடைநிலைப் பள்ளிக்குச் சென்றதும் அறிவியலும் தமிழும் பிரிந்துவிடுகின்றன. ஆகவே, அறிவியலைத் தமிழில் விளக்கும் பயிற்சி வகுப்பறையில் தானாக வந்து வாய்ப்பதில்லை. நாம் முயன்று செய்தாலன்றி அது நிகழாது.

தொடரின் தலை எங்கே?

நீண்ட கலைச்சொற்றொடரைக் கண்டு மாணவர் மருள்வது சொற்களின் அருமையால் அன்று. எச்சொல் எதனைத் தழுவுகிறது என்பது விளங்காமையால். தமிழில் தொகைச்சொல்லின் தலைச்சொல் இறுதியில் நிற்கும். 'பள்ளி நூலக மேசை' என்றால் பேசப்படுவது மேசை. ஏனையவை அதற்கு அடைகள். ஆங்கிலத் தொகையும் பெரும்பாலும் இவ்வாறே அமையும். மலாய்மொழி இதற்கு நேர்மாறானது. ஒளி அலையை அம்மொழியில் 'கெலொம்பாங் சஹாயா' என்பர். அலை முன்னும் ஒளி பின்னுமாக நிற்கும். மூன்று மொழிகளுக்கிடையே நடமாடும் மலேசிய மாணவர் ஒருவர் அடையையும் தலையையும் மயங்கிக்கொள்வது இயல்பே. அறிவுக்குறை என்று அதனை எண்ணுதல் கூடாது.

எனவே, நம் தொடரை இறுதியிலிருந்து படிப்போம். பொருள் ஓர் ஒத்ததிர்வி. எத்தகைய ஒத்ததிர்வி? அலைவழியோடு இணைந்தது. எத்தகைய அலைவழி? பிளாசுமான் அலைவழி. எதற்கு உரியது? உணர்தலுக்கு. எவ்வாறு உணர்தல்? ஒளியைக் கொண்டு, நானோ அளவில். இவ்வினாக்களுக்கு விடை கண்டால் தொடர் முழுவதும் விளங்கிவிடும்.

ஒத்ததிர்வி

ஊஞ்சலை ஆட்டுபவர் அதன் போக்கறிந்து தள்ளுகிறார். ஊஞ்சல் முன்னும் பின்னும் சென்றுவர எடுக்கும் நேரத்திற்கு இசையத் தள்ளினால், சிறிய விசையும் பெரிய வீச்சைத் தரும். நேரம் தவறித் தள்ளினால் பெரிய விசையும் வீணாகும். ஒவ்வொரு பொருளுக்கும் தனக்கென இயல்பான அதிர்வெண் உண்டு. வெளியிலிருந்து வரும் அதிர்வு அதனோடு ஒத்தால் அப்பொருள் பேரளவில் அதிரும். இதுவே ஒத்ததிர்வு.

இச்சொல்லின் அமைப்பைச் சற்றுக் கவனிப்போம். இதனை 'ஒத்த அதிர்வு' என்று பிரிப்பவர் உளர். 'ஒத்து' என்னும் வினையெச்சத்தோடு 'அதிர்வு' சேர்ந்ததாகக் கொள்வதே பொருந்தும். உகரம் கெட்டு 'ஒத்ததிர்வு' ஆயிற்று. இரண்டு அதிர்வுகள் ஒரே மாதிரி இருப்பதை இச்சொல் குறிக்கவில்லை. ஒன்றோடு ஒன்று இசைந்து அதிர்வதைக் குறிக்கிறது. நாகசுரத்திற்குச் சுருதி கூட்டும் குழலுக்கு 'ஒத்து' என்றே பெயர் வழங்குவதையும் ஈண்டு நினைவுகூரலாம். பிரிப்பு சரியாக அமைந்தால் இயற்பியல் விளக்கமும் அச்சொல்லிலேயே கிடைத்துவிடுகிறது.

ஒத்ததிர்வு உணர்கருவியாக மாறுவது எங்ஙனம்? சலதரங்கம் என்னும் இசைக்கருவியை எடுத்துக்கொள்வோம். பீங்கான் கிண்ணங்களில் வெவ்வேறு அளவு நீர் ஊற்றிக் குச்சியால் தட்டுவர். நீர் மிகுந்தால் சுரம் தாழும்; குறைந்தால் உயரும். பழகிய செவியுடையவர் கிண்ணத்துள் எட்டிப் பாராமலே, எழும் சுரத்தைக் கொண்டு நீர் கூடியதா குறைந்ததா என்று சொல்லிவிடுவார். அளக்க வேண்டிய பொருள் நீர், அளக்கப்படுவது சுரம். நம் தலைப்பில் உள்ள கருவியும் இதே வேலையைத்தான் செய்கிறது. அங்கே கிண்ணத்திற்கு ஈடாக நிற்பது உலோகத்தில் குடைந்த மிக நுண்ணிய வளையம். சுரத்திற்கு ஈடாக நிற்பது ஒளியின் நிறம், அதாவது அலைநீளம்.

அலைவழி

ஒளி தன்போக்கில் விட்டால் பரவிச் செல்லும். அதனை ஒரு தடத்துள் அடக்கிச் செலுத்தும் அமைப்பே அலைவழி. 'அலைவழிகாட்டி' என்ற மொழிபெயர்ப்பும் வழக்கில் உண்டு. எனினும் வழிகாட்டி என்பவர் வழியைச் சுட்டுவாரேயன்றி, நம்மைச் சுவர்களுக்குள் அடக்கி அழைத்துச் செல்வதில்லை. வாய்க்கால் நீருக்குச் செய்வதையே இவ்வமைப்பு ஒளிக்குச் செய்கிறது. ஆதலின் 'அலைவழி' என்னும் குறுகிய வடிவத்தையே இவ்வுரையில் ஆள்கிறோம்.

நம் இல்லங்களுக்கு இணையத்தைக் கொண்டுவரும் ஒளியிழை ஓர் அலைவழி. கண்ணாடி உள்ளகத்திற்கு ஒளிவிலகல் எண் சற்று மிகுதி. சுற்றியுள்ள உறைக்குச் சற்றுக் குறைவு. எல்லையில் சாய்ந்து படும் ஒளி முழுமையாகத் திரும்பி உள்ளேயே ஓடுகிறது. இவ்வாறு பல கிலோமீட்டர் தொலைவு செல்லும்.

ஆனால் இவ்வாய்க்காலை எவ்வளவு குறுக்கலாம்? கண்ணுக்குப் புலனாகும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரை. ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரின் நூறு கோடியில் ஒரு பங்கு. ஒளி அலையாக இருப்பதால் அதனை அலைநீளத்தின் பாதியளவுக்கும் கீழே குவிக்க இயலாது என்பதை 1873இல் செருமானிய இயற்பியலார் எர்ன்ஸ்ட் அபே நுண்ணோக்கியை முன்னிறுத்திக் காட்டினார். கண்ணாடி வாய்க்காலுக்கும் இதனை ஒத்த தடை உண்டு; மிகக் குறுக்கினால் ஒளி கரையைக் கடந்து வெளியே கசிந்துவிடும்.

நாம் அறிய விரும்பும் பொருள்களோ இதனினும் சிறியவை. கொரோனா நச்சுயிரியின் குறுக்களவு ஏறத்தாழ 100 நானோமீட்டர். நம் குருதியில் உலவும் எதிர்ப்புரதத்தின் அளவு ஏறத்தாழ 10 நானோமீட்டர். பெரிய ஓடத்தைக் கொண்டு சிறு கூழாங்கல்லைத் தடவிப் பார்க்க இயலாதது போன்றது இந்நிலை. இத்தடையைக் கடக்க உதவுவதே தொடரின் அடுத்த சொல்.

பிளாசுமான்

உலோகத்துள் எதிர்மின்னிகளில் ஒரு பகுதி எந்த அணுவோடும் கட்டுண்ணாமல் திரிகின்றன. குளத்து நீர்போல் அவை உலோகம் எங்கும் நிறைந்துள்ளன. ஒளி என்பது மின்புலமும் காந்தப்புலமும் மாறிமாறி அலைவது. அம்மின்புலம் உலோகப் பரப்பிலுள்ள எதிர்மின்னிகளைத் தள்ளுகிறது, இழுக்கிறது. தக்க சூழலில் அவை ஒருங்கே அசைந்து, ஓரிடத்தில் செறிந்தும் அடுத்த இடத்தில் நெகிழ்ந்தும் அலையாக ஓடுகின்றன. அவ்வலையோடு பிணைந்த மின்புலம் பரப்பை விட்டு அகலாமல் அதனை ஒட்டியே செல்கிறது. இக்கூட்டசைவின் அலகே பிளாசுமான்.

இதன் சிறப்பு இரண்டு. முதலாவது, அதே அதிர்வெண் கொண்ட ஒளியைக் காட்டிலும் இவ்வலையின் நீளம் குறைவு. ஆகவே சிறிய இடத்தில் அடங்கும். இரண்டாவது, அதன் புலம் பரப்பிலிருந்து விலக விலக விரைந்து தேய்கிறது. நீருக்குள் ஓரிரு நூறு நானோமீட்டர் சென்றாலே பெரிதும் குன்றிவிடும். பரப்பில் ஒட்டியிருப்பதை மட்டும் அது 'அறியும்'. தொலைவில் மிதப்பதை அறியாது. நுண்பொருளை உணர வேண்டுவோருக்கு இஃது ஒரு பெரும் பேறு.

இச்சொல்லின் வரலாறும் அறியத்தக்கது. வார்த்தெடுக்கப்பட்டது என்னும் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது 'பிளாசுமா'. மருத்துவத்தில் அது குருதியின் நீர்மப் பகுதியைக் குறித்தது. 1928இல் இர்விங் லாங்மியூர் மின்னேற்றம் பெற்ற வளிமத்திற்கு அதே பெயரைச் சூட்டினார். உலோகத்துள் திரியும் எதிர்மின்னிக் கூட்டம் அவ்வளிமத்தை ஒத்திருப்பதால், அதன் அலைவின் அலகை 1956இல் டேவிட் பைன்ஸ் 'பிளாசுமான்' என்றார். மறு ஆண்டே, மெல்லிய உலோகத் தகட்டின் பரப்பை ஒட்டி இத்தகைய அலைவு எழும் என்பதை ரூஃபஸ் ரிட்சி கோட்பாட்டளவில் காட்டினார்.

பெயருக்கு முன்னே வந்த பொருள்

பெயர் புதிதாயினும் நிகழ்வு பழையது. இலண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த உரோமானியக் கண்ணாடிக் கிண்ணம் ஒன்று உள்ளது. லைகர்கஸ் கிண்ணம் என்பது அதன் பெயர். வெளியிலிருந்து ஒளி பட்டால் பச்சையாகவும், உள்ளிருந்து ஒளி ஊடுருவினால் செந்நிறமாகவும் தோன்றும். அக்கண்ணாடியில் பொன்னும் வெள்ளியும் நானோ துகள்களாகக் கலந்திருப்பதே காரணம். செய்த கைவினைஞர் காரணம் அறிந்திரார், விளைவை அறிந்திருந்தார்.

1857இல் மைக்கேல் பாரடே, பொன்னை மிக நுண்ணிய துகளாக்கி நீரில் மிதக்கவிட்டால் அது மஞ்சளாக இராமல் மாணிக்கச் செந்நிறம் கொள்வதை ஆராய்ந்து அரச கழகத்தில் உரையாற்றினார். 1908இல் குஸ்தாவ் மீ அந்நிறத்திற்குக் கணித விளக்கம் தந்தார். ஏறத்தாழ 20 நானோமீட்டர் பொன்துகள் நீரில் 520 நானோமீட்டர் அலைநீளத்தையொட்டிய பச்சை ஒளியோடு ஒத்ததிர்ந்து அதனை உட்கொள்கிறது. எஞ்சியது நம் கண்ணுக்குச் சிவப்பாகத் தெரிகிறது. துகள்கள் ஒன்றோடொன்று நெருங்கித் திரண்டால் அதே நீர் நீலம் கலந்த ஊதாவாக மாறும்.

பெருந்தொற்றுக் காலத்தில் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நம்மில் பலர் வீட்டிலேயே மூக்குச் சளியைப் பரிசோதித்தோம். வெள்ளைப் பட்டையில் ஒரு கோடா இரண்டு கோடா என்று மூச்சை அடக்கிக் காத்திருந்தோம். அத்தகைய கருவிகள் பலவற்றில் அச்செந்நிறக் கோட்டை வரைந்தது பொன் நானோதுகளே. அத்துகளின் மேல் நச்சுயிரியின் புரதத்தைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்புரதம் பூசப்பட்டிருக்கும். புரதம் இருந்தால் துகள்கள் கோட்டில் வந்து சிக்கிச் செந்நிறம் காட்டும். ஒரு குடும்பத்தின் நிம்மதியும் கலக்கமும் பிளாசுமான் ஒத்ததிர்வைப் பார்த்து அமைந்தன. அந்தச் சிவப்பு எங்கிருந்து வந்தது என்று நம் பிள்ளைகளுக்குத் தமிழில் சொன்னோமா என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இத்துறையில் தமிழகத்தோடு தொடர்புடைய ஒரு செய்தியும் உண்டு. திருச்சிராப்பள்ளியில் பிறந்த ச. வெ. இராமன் 1928இல் கல்கத்தாவில் கண்டறிந்த ஒளிச்சிதறல், மூலக்கூறுகளை அவற்றின் அதிர்வைக் கொண்டு அடையாளம் காண உதவுவது. ஆயினும் அது மிக மெல்லியது. 1974இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் மார்ட்டின் ஃபிளைஷ்மான் குழுவினர், சொரசொரப்பான வெள்ளிப் பரப்பில் ஒட்டிய மூலக்கூறுகளிடம் இராமன் சிதறல் வியப்பூட்டும் அளவுக்கு வலுத்திருப்பதைக் கண்டனர். வெள்ளிப் பரப்பின் பிளாசுமான் புலமே அவ்வலிவுக்குத் தலையாய காரணம் எனப் பின்னர்த் தெளிவாயிற்று.

பிளாசுமான் அலையைத் திட்டமிட்டு எழுப்பும் எளிய வழி 1968இல் கிடைத்தது. ஆந்திரியாஸ் ஓட்டோ ஒரு வகையிலும், எர்வின் கிரெட்ச்மானும் ஹைன்ஸ் ரேத்தரும் வேறொரு வகையிலும், கண்ணாடிப் பட்டகத்தின் வழியே ஒளியைச் செலுத்தி அதனைச் செய்தனர். பட்டகத்தின் அடியில் ஏறத்தாழ 50 நானோமீட்டர் தடிப்பில் பொன் பூசினால், ஒரு குறிப்பிட்ட கோணத்தில் மட்டும் திரும்பிவரும் ஒளி மங்கிப்போகும். அக்கோணத்தில் ஒளியின் ஆற்றல் பிளாசுமானுக்குச் சென்றுவிடுகிறது. பொன்னின் மறுபுறத்தில் ஏதேனும் ஒட்டினால் அக்கோணம் பெயரும். 1983இல் சுவீடனின் லின்ஷோப்பிங்கில் போ லீட்பெர்க், கிளாஸ் நைலாண்டர், இங்கெமார் லுண்ட்ஸ்ட்ரோம் ஆகிய மூவரும் இதனை உயிர்ப்பொருள்களை உணரப் பயன்படுத்திக் காட்டினர். அவர்களுள் லீட்பெர்க் பிற்காலத்தில் சிங்கப்பூரின் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். 1990 முதல் இம்முறையில் இயங்கும் கருவிகள் விற்பனைக்கு வந்தன. ஒரு மருந்து மூலக்கூறு ஒரு புரதத்தோடு எவ்வளவு விரைவாகச் சேர்கிறது, எவ்வளவு விரைவாகப் பிரிகிறது என்பதை இன்று ஆய்வகங்களில் நேரிலேயே பார்க்கின்றனர்.

வளையமும் வாய்க்காலும்

இனி நான்கு சொற்களையும் ஒன்றுசேர்ப்போம். இரண்டு வெள்ளிச் சுவர்களுக்கிடையே சில பத்து நானோமீட்டர் அகலமுள்ள ஓர் இடைவெளி. இரு சுவர்களின் பிளாசுமான் அலைகளும் கைகோத்து அவ்விடைவெளியில் ஓடும். கண்ணாடி வாய்க்காலில் ஒளி கசிந்துவிடும் அளவுக்குக் குறுகிய இடமாயினும், இங்கே அலை அடங்கிச் செல்லும். இதுவே பிளாசுமான் அலைவழி.

அவ்வாய்க்காலின் அருகே, மெல்லிய சுவர் ஒன்றால் பிரிக்கப்பட்டு, ஒரு வளையம் குடையப்பட்டுள்ளது. வாய்க்காலில் ஓடும் அலையின் ஒரு பகுதி சுவரை ஊடுருவி வளையத்துள் புகும். வளையத்தைச் சுற்றிவந்த அலை, தொடங்கிய இடத்தை அடையும்போது முகடு முகட்டோடு பொருந்தினால் வலுப்பெறும். பொருந்தாவிட்டால் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். ஆகவே, சுற்றளவில் முழு எண்ணிக்கையில் அடங்கும் அலைகளே வளையத்தில் தங்கும். அவ்வலைநீளத்திற்குரிய ஒளி வாய்க்காலின் மறுமுனையில் குறைந்து காணப்படும். நிறமாலையில் அவ்விடத்தில் ஒரு பள்ளம் தோன்றும்.

கணக்கு எளிது. அலைநீளத்தை அலைகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் வருவது, வளையத்தின் சுற்றளவை ஒளிவிலகல் எண்ணால் பெருக்கினால் வருவதற்குச் சமம். சுற்றளவு 1000 நானோமீட்டர் என்றும், நீர் நிறைந்த நிலையில் வளையத்தின் பயனுறு ஒளிவிலகல் எண் 1.40 என்றும் எடுத்துக்காட்டாகக் கொள்வோம். ஓர் அலை மட்டும் அடங்கினால் அலைநீளம் 1400 நானோமீட்டர். இரண்டு அலைகள் அடங்கினால் 700 நானோமீட்டர். எண் 1.40இலிருந்து 1.41 ஆனால் முதற்பள்ளம் 1400இலிருந்து 1410க்குப் பெயரும். நூற்றுக்கு ஒரு பங்கு சர்க்கரை கலந்தால் நீரின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 0.0014 கூடும். வளையத்தின் எண்ணும் அதே அளவு கூடுவதாகக் கொண்டால் பள்ளம் 1.4 நானோமீட்டர் நகரும். நல்ல நிறமாலைமானி இதில் பத்தில் ஒரு பங்கையும் கண்டுகொள்ளும். கிண்ணத்தில் நீர் கூடினால் சுரம் தாழ்வதும், வளையத்தில் சர்க்கரை கூடினால் அலைநீளம் மிகுவதும் ஒரே நெறியின்பாற்பட்டவை.

அவ்வளையத்தின் விட்டம் எவ்வளவு? ஏறத்தாழ 318 நானோமீட்டர். ஒரு தலைமயிரின் தடிப்பை 80,000 நானோமீட்டர் என்று கொண்டால், அதன் குறுக்கே ஏறத்தாழ 250 வளையங்களை வரிசையாக வைக்கலாம். தலைப்பிலுள்ள 'நானோ அளவு' என்னும் அடைக்கு இதுவே பொருள்.

எல்லைகளையும் சொல்ல வேண்டும்

அறிவியலைத் தமிழில் எழுதுவோரிடம் ஒரு பழக்கம் உண்டு: வியப்பை மட்டும் சொல்லி எல்லையை விட்டுவிடுதல். மாணவருக்கு இரண்டும் வேண்டும்.

முதல் எல்லை இழப்பு. எதிர்மின்னிகள் அசையும்போது உலோகம் சூடேறுகிறது. அலையின் ஆற்றல் வெப்பமாகக் கழிகிறது. கண்ணாடியிழையில் ஒளி கிலோமீட்டர் கணக்கில் ஓடுகிறது. குறுகிய பிளாசுமான் வாய்க்காலிலோ சில மைக்ரோமீட்டர், மிஞ்சினால் சில பத்து மைக்ரோமீட்டர் தொலைவிலேயே தளர்ந்துவிடுகிறது. வாய்க்காலைக் குறுக்கக் குறுக்க அலை நன்கு அடங்கும், இழப்போ மிகும். இழப்பால் நிறமாலைப் பள்ளம் அகன்றுபோகிறது; அகன்ற பள்ளத்தின் அடி எங்கே என்று துல்லியமாகக் குறிப்பது அரிது.

இரண்டாவது, உலோகத் தேர்வு. வெள்ளியில் இழப்பு குறைவு. ஆனால் வீட்டு வெள்ளிப் பாத்திரம் போலவே அது கறுத்துப்போகும். பொன் கறுக்காது, இழப்பு சற்று மிகுதி.

மூன்றாவது, வெப்பநிலை. ஒரு பாகை செல்சியசு மாறினால் நீரின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 0.0001 மாறும். நம் எடுத்துக்காட்டில் அது 0.1 நானோமீட்டர் நகர்வு. எனவே நகர்வைக் கண்டதும் 'பொருள் வந்துவிட்டது' என்று முடிவு கட்டலாகாது, அறை சூடேறியிருக்கலாம். ஒப்பிடுவதற்கு வெறும் நீர் மட்டும் உள்ள மற்றொரு வளையம் வேண்டும்.

நான்காவதே முதன்மையானது. வளையம் அறிவது ஒளிவிலகல் எண் ஒன்றையே. சர்க்கரையா, உப்பா, புரதமா என்று அதற்குத் தெரியாது. இன்னாரைத்தான் பற்ற வேண்டும் என்று சொல்வது உலோகத்தின்மேல் பூசப்படும் எதிர்ப்புரதம் போன்ற பற்றிகளின் வேலை. கருவியின் கூர்மை இயற்பியலைச் சார்ந்தது. தேர்ந்தறியும் திறன் வேதியியலையும் உயிரியலையும் சார்ந்தது.

இத்துறையின் இன்றைய நிலையையும் அளவறிந்து சொல்ல வேண்டும். பொன்துகள் பட்டை கடைகளில் கிடைக்கிறது. பட்டக முறை ஆய்வகங்களில் நிலைபெற்றுவிட்டது. வெள்ளி வாய்க்காலும் வளையமும் கொண்ட வடிவமைப்புகளுள் மிகப்பலவோ இன்னும் கணினிக் கணக்கீட்டளவில் உள்ளன. அத்துணை நுண்ணிய இடைவெளிகளைப் பிசகின்றிக் குடைவதும், அவற்றுள் நீர்மத்தைச் செலுத்துவதும், ஒளியை உள்ளே கொண்டுவந்து சேர்ப்பதும் எளியவை அல்ல. இந்த இடைவெளியை நிரப்பும் பணி இன்று வகுப்பறையில் இருப்போரை எதிர்நோக்கியிருக்கிறது.

சொல்லாக்கத்தின் நெறிகள்

இப்பொருளை விளக்குகையில் மூவகைச் சொற்களைக் கையாண்டோம். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் உண்டு.

முதல்வகை, தமிழின் இயல்பான ஆக்கமுறையில் எழுந்தவை. உணரி, ஒத்ததிர்வி என்பவற்றின் இறுதியில் நிற்பது 'இ' விகுதி. மண்ணை வெட்டுவது மண்வெட்டி. திசையைக் காட்டுவது திசைகாட்டி. நம் அடுக்குமாடிகளில் ஏற்றி இறக்குவது மின்தூக்கி. உழவரின் கருவிக்கும் நானோ வளையத்திற்கும் ஒரே விகுதி பெயர் தருகிறது. இதனை மாணவர் உணர்ந்தால், புதுச்சொல் எதிர்ப்படும்போது அஞ்சாமல் பொருள் ஊகிப்பர்.

இரண்டாம் வகை, கடன்சொற்கள். பிளாசுமானுக்குத் தமிழில் புதுச்சொல் படைக்கலாமே எனலாம். படைத்தால் எலக்ட்ரான், ஃபோட்டான், ஃபோனான் என வரும் ஒரு குடும்பத்திலிருந்து அது பிரிந்துவிடும். அக்குடும்பத்திற்கு இணையாகத் தமிழில் 'அன்' ஈறு கொண்டு ஒளியன் முதலிய சொற்கள் எழுந்துள்ளன. இங்கே ஓர் இடர் உண்டு. ஒலியின் அலகை இயற்பியலில் 'ஒலியன்' என்றால், மொழியியலில் பொருள் வேறுபடுத்தும் ஒலியலகுக்கும் 'ஒலியன்' என்பதே பெயர். போதாக்குறைக்கு ஒளியனும் ஒலியனும் ஓரெழுத்தால் மட்டுமே வேறுபடுவன. லகர ளகரத்தை மயங்கி ஒலிக்கும் வகுப்பில் பெருங்குழப்பம் விளையும். ஆதலின் கடன்சொல்லாகவே கொள்வது சில இடங்களில் தெளிவுக்கு உதவும்.

கடன் கொண்டால் எவ்வெழுத்தில் எழுதுவது? வடசொற்களை வடவெழுத்து நீக்கித் தமிழ் ஒலிக்கு இயைய ஏற்கலாம் என்று தொல்காப்பியம் எச்சவியலில் இடந்தருகிறது. அந்நெறியை இன்றைய கலைச்சொற்களுக்கும் விரித்துக்கொள்ளலாம். மெய்ம்மயக்கம் இடந்தராத இடத்தில் உயிரொன்றை நுழைத்து ஒலிப்பது தமிழர் நாவின் இயல்பு. எனவே 'பிளாசுமான்' என எழுதினோம். ஆள்பெயர்களை மட்டும் மூலத்திற்கு அணுக்கமாக விட்டோம். ஆளைத் தேடிக் கண்டுபிடிக்க மாணவருக்கு அது துணை செய்யும்.

மூன்றாம் வகை, அனைத்துலக அலகுகள். 'நானோ' என்பதன் கிரேக்க மூலத்திற்குக் குள்ளன் என்று பொருள். தமிழில் 'குறள்' என்னும் சொல்லுக்கும் அப்பொருள் உண்டு. நயமான இணைதான். எனினும் நானோமீட்டரைக் குறள்மீட்டர் ஆக்க வேண்டியதில்லை. அளவுப் பெயர்கள் உலகம் முழுவதும் ஒன்றாக இருப்பதே பயன்.

ஆசிரியர்க்கும் மாணவர்க்கும்

நிறைவாக, வகுப்பறையில் உடனே செய்யத்தக்க சிலவற்றைச் சொல்லி அமைகிறோம். தமிழாசிரியர் அறிவியலாசிரியராக மாற வேண்டியதில்லை. மூன்று கண்ணாடிக் குவளைகளில் வெவ்வேறு அளவு நீர் ஊற்றிக் கரண்டியால் தட்டிக் காட்டுக. எக்குவளையில் நீர் மிகுதி என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லச் செய்க. பிறகு, 'அளக்கப்பட்டது எது, அறியப்பட்டது எது?' என்று வினவுக. அதன்பின் நம் நீண்ட தொடரைக் கரும்பலகையில் எழுதி, இறுதிச் சொல்லிலிருந்து தொடங்கி ஒவ்வோர் அடைக்கும் ஒரு வினா எழுப்பச் சொல்லுக. இலக்கண வகுப்பில் தொகைநிலைத் தொடரைக் கற்பிக்க இதனினும் நல்ல எடுத்துக்காட்டு அரிது.

மாணவர்க்கு ஒரு சொல். நீங்கள் அறிவியலை எம்மொழியில் கற்றாலும் கற்க. தேர்வை எம்மொழியில் எழுதினாலும் எழுதுக. கற்றதில் ஒன்றையேனும் வாரந்தோறும் அரைப்பக்கம் தமிழில் எழுதி, அத்துறை அறியாத ஒருவரிடம் படித்துக் காட்டுக. பாட்டியாக இருக்கலாம்; தம்பியாக இருக்கலாம். எவ்விடத்தில் அவர் புருவத்தை நெரிக்கிறாரோ, அவ்விடத்தில் உங்கள் சொல் பொருந்தவில்லை, அல்லது உங்களுக்கே பொருள் தெளியவில்லை. இரண்டில் எது என்று ஆராய்ந்து திருத்தி, மீண்டும் படித்துக் காட்டுக. கலைச்சொல் அகராதிகள் பல வந்துள்ளன. அவற்றிலுள்ள சொற்களுக்கு உயிர் வருவது இவ்வாறு ஒருவர் மற்றொருவருக்கு விளக்கும்போதுதான்.